காண்ட்ராக்ட் தொழிலாளர் மென்பொருள்: சலான் வராமல் பில்லுக்குப் பணம் போகக் கூடாது

வணக்கம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலைகளில் மனிதவளத் துறையில் இருக்கும் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். நாலைந்து காண்ட்ராக்டர்களிடமிருந்து ஆள் எடுக்கிறோம், எக்செல்லில் வைத்துச் சமாளிக்க முடியவில்லை, எந்த மென்பொருளை வாங்கலாம்? இந்த நிறுவனத்தினுடையதை வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். டெமோ காட்ட வருபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை இந்த வீடியோவில் சொல்கிறேன்.

என்னுடைய முதல் கேள்வி இதுதான். வேலை செய்த ஒவ்வொருவருக்கும் சம்பளம், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) மூன்றும் போய்ச் சேர்ந்ததா என்று பெயர் வாரியாகப் பார்த்து, சேராவிட்டால் காண்ட்ராக்டரின் பில்லை உங்கள் மென்பொருள் தானாக நிறுத்துமா? இதற்கு நேரான பதில் வராவிட்டால் நான் மேற்கொண்டு பேசுவதில்லை. வண்ண வண்ண வரைபடங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், காண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காமல் போனால் முதன்மை வேலையளிப்பவரான ஆலைதான் கொடுக்க வேண்டும். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆவது பிரிவு அதைத்தான் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. காண்ட்ராக்ட் ஆட்கள் 20 பேர் இருந்தாலே சட்டம் பொருந்தும் என்றிருந்த வரம்பு 50 ஆனதைப் பார்த்து இனி தொல்லையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பொறுப்பு இந்த வரம்பைச் சார்ந்ததில்லை, அது உங்களை விடாது.

இப்போது திரையைப் பாருங்கள். காண்ட்ராக்டர் பில்லோடு இணைக்கும் பி.எஃப். சலான், அதாவது பணம் கட்டிய சீட்டு, இது. மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கிறது. அவர் இன்னும் மூன்று ஆலைகளுக்கும் ஆள் அனுப்புகிறவராக இருந்தால், இந்தத் தொகைக்குள் உங்கள் ஆட்கள் இருக்கிறார்களா என்பதை இந்தத் தாளிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. பெயரும் யு.ஏ.என். எண்ணும் (ஒவ்வொருவரின் பி.எஃப். அடையாள எண்) இ.சி.ஆர். கோப்பில்தான், அதாவது பி.எஃப். அலுவலகத்துக்கு மாதாமாதம் அனுப்பும் ஆள்வாரிக் கணக்கில்தான் இருக்கும். மென்பொருள் அந்தக் கோப்பை வாங்கி, ஆலை வாசல் கேட்டில் பதிவான வருகையோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். கேட்டில் 26 நாள் வந்தவருக்கு இ.சி.ஆரில் 12 நாள் சம்பளத்துக்குத்தான் பணம் கட்டியிருக்கிறார்கள் என்றால், அந்த வரி சிவப்பாக நிற்க வேண்டும். சலானை ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும், பச்சை விளக்கு எரியும் என்கிற மென்பொருள் உங்களுக்கு ஆபத்து. தணிக்கையில் எல்லாம் பச்சையாகத் தெரியும், தொழிலாளியின் பி.எஃப். பாஸ்புக் காலியாக இருக்கும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள், பி.எஃப். 15-ஆம் தேதிக்குள். பில்லோ மாதத்தின் முதல் வாரமே மேசைக்கு வந்துவிடும். அதனால்தான் பல ஆலைகளில் போன மாதச் சலானை வாங்கிக்கொண்டு இந்த மாத பில்லைத் தீர்க்கிறார்கள். காண்ட்ராக்டர் பாதியில் விலகினால் கடைசி மாதம் அந்தரத்தில் நிற்கும். பில்லை இரண்டாகப் பிரிக்கத் தெரிந்த மென்பொருளைத் தேடுங்கள். சம்பளம் வங்கியில் ஏறிய சான்று வந்ததும் ஒரு பகுதி, இ.சி.ஆர். பொருந்தியதும் மறு பகுதி. முழுப் பணத்தையும் முடக்கினால் சிறிய காண்ட்ராக்டரால் சம்பளமே போட முடியாது, அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, இரவு ஷிப்டு. டெமோவில் எப்போதும் காலை 9 மணிக்கு வந்து 6 மணிக்குப் போகும் ஒருவரைத்தான் காட்டுவார்கள். நீங்கள் இரவு 10 மணிக்கு உள்ளே வந்து காலை 6.30-க்கு வெளியே போகிறவரைக் கேளுங்கள். சில மென்பொருள்கள் நள்ளிரவில் தேதி மாறியதும் அதை இரண்டு அரை நாளாக உடைத்துவிடுகின்றன. அவரே ஆள் குறைவால் அடுத்த ஷிப்டிலும் நான்கு மணி நேரம் நின்றிருந்தால்? அந்த நான்கு மணி நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் கணக்காக வேண்டும். அதே ஆள் மாத நடுவில் வேறு காண்ட்ராக்டரிடம் மாறினால்? உங்களுடைய உண்மையான ஒரு மாத வருகைப் பதிவை, பெயர்களை மறைத்துக் கொடுத்து, அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

காண்ட்ராக்டர் தரும் விலைப்பட்டியலையும் மென்பொருளே உடைத்துக் காட்ட வேண்டும். 14,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். வேலையளிப்பவர் பங்காக இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 455 ரூபாய். பி.எஃப்., அதன் நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து, 13 சதவீதம், 1,820 ரூபாய். இவற்றைக் கூட்டினால் வரும் 16,275 ரூபாய்க்குக் கீழே ஒரு காண்ட்ராக்டர் விலை சொன்னால், குறைகிற பணம் தொழிலாளியின் பங்கிலிருந்துதான் வரப்போகிறது. போனஸ், விடுப்பு, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் இதற்கு மேல். அந்தத் தொகைக்குக் கீழே போகிற விலையை ஏற்கவே மறுக்கிற வசதி இருந்தால், மற்ற குறைகளைப் பொறுத்துக்கொண்டும் நான் அதை வாங்குவேன்.

ஃபீல்ட்கிளாஸ், பீலைன் என்ற வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர் மென்பொருள்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஃபீல்ட்கிளாஸ் 1999-இல் சிகாகோவில் தொடங்கியது, 2014-இல் எஸ்.ஏ.பி. என்ற ஜெர்மன் மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. மணிக்கு இவ்வளவு என்று பேசி டைம்ஷீட் அனுப்பும் ஐ.டி. ஒப்பந்தப் பணியாளர்களுக்கு இந்த வகை நன்றாகப் பொருந்தும். ஆலைத் தளத்துக்கு என்றால் இ.சி.ஆர்., மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு) பற்றி முதலில் விசாரியுங்கள்.

தொழிலாளியின் கைக்கு என்ன போகிறது என்பதையும் பாருங்கள். ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவருக்கு எத்தனை நாள், எவ்வளவு ஓ.டி., எவ்வளவு பிடித்தம் என்பது அவருக்குப் புரியும் மொழியில் கைப்பேசிக்குப் போக வேண்டும். காண்ட்ராக்டரைத் தாண்டி அவரே “இந்த நாள் விடுபட்டிருக்கிறது” என்று பதிவு செய்ய ஒரு வழி வேண்டும். வார்ப்புக்கூடத்தில் வேலை செய்து கைரேகை தேய்ந்தவர்களுக்கு முகப்பதிவு வைத்தால், அந்தப் படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, வேலையை விட்டபின் எப்போது அழிக்கப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தம் முடிந்தால் பழைய பதிவேடுகள் முழுவதையும் எக்செல் கோப்பாகத் திருப்பித் தருவார்களா என்றும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். உங்கள் ஆலையில் இ.சி.ஆரை எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அவற்றை எடுத்துப் பேசுகிறேன்.