புழு என்று சொன்னவர்களுக்கு

நடுவர் அவர்களே, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரை எதிர்த்துச் சோவியத் பெற்ற ஸ்டாலின்கிராட் வெற்றிக்குப் பெரிதும் காரணம் நகருக்குள் நின்று தாங்கிய சோவியத் 62-ஆவது சேனையா, வெளியிலிருந்து வளைத்துப் பிடித்த யுரேனஸ் திட்டமா என்பது இன்றைய வழக்கு. 62-ஆவது சேனை வெறும் தூண்டில் புழு என்கிறது எதிரணி. அதன் தலைவர் அந்தத் திட்டத்தை மிக அழகாக விளக்கினார். 1942 நவம்பர் 19-இல் வடமேற்கிலிருந்து ஒரு தாக்குதல், மறுநாள் தெற்கிலிருந்து இன்னொன்று, 23-இல் தோன் நதிக்கரைக் கலாச் ஊர் அருகே ஜெர்மன் படையைச் சுற்றி வளையம் மூடிவிட்டது. எல்லாம் உண்மை. ஆனால் தளபதி பவுலஸின் ஜெர்மன் 6-ஆவது சேனை அந்த நாள் வரை அங்கே எதற்காகக் காத்துக் கிடந்தது என்று ஒரு வார்த்தை சொன்னாரா?

நான் சொல்கிறேன். 62-ஆவது சேனை அதைப் போகவிடவில்லை.

அது ஒன்றும் பெருமைமிக்க பழைய படை அல்ல. ஜூலையில்தான் உருவானது. தோன் நதி வளைவில் நன்றாக அடிவாங்கி, நகருக்குள் ஒதுங்கியது. நகரைக் காக்க முடியும் என்ற நம்பிக்கை அதன் தளபதி லோபாட்டினுக்கே இல்லை. அவரை நீக்கிவிட்டு, செப்டம்பர் 12-இல் வசீலி சுய்கோவை அமர்த்தினார்கள். இரண்டே நாளில் ஜெர்மானியர் மமாயேவ் மேட்டையும் மத்திய ரயில் நிலையத்தையும் எட்டிவிட்டார்கள். அன்றிரவே ரொடிம்ட்சேவின் 13-ஆவது ‘காவலர்’ டிவிஷன் (போரில் சிறந்ததற்காக அந்தப் பட்டம் பெற்ற படைப்பிரிவு), ஏறத்தாழ 10,000 பேர், குண்டுமழைக்கு நடுவே வோல்கா ஆற்றைக் கடந்து வரத் தொடங்கியது. கரை ஏறியதும் நேரே சண்டைதான்.

சுய்கோவின் மூளை எங்கே வேலை செய்தது தெரியுமா? ஜெர்மானியரின் பலம் விமானம், டாங்கி, பீரங்கி மூன்றும் ஒத்திசைந்து அடிப்பதில் இருந்தது. அப்படியானால் எதிரியை விட்டு விலகாதே, கையெறி குண்டு எட்டும் தூரத்திலேயே ஒட்டி நில் என்றார். குண்டு போட வரும் விமானி தன் ஆட்களையும் சேர்த்துக் கொல்ல வேண்டியிருக்கும் அல்லவா? இடிபாடுகளுக்குள் பெரும் அணிகள் உதவாது என்று சிறு தாக்குதல் குழுக்களாகப் பிரித்தார். எந்திரத் துப்பாக்கி, கையெறி குண்டு, கத்தி, மண்வெட்டி. பகலில் வானம் ஜெர்மானியருடையது. ஆகவே இவர்களுடைய வேலை இரவில். கனரகப் பீரங்கிகளையோ நகருக்குள் இழுத்துவராமல் வோல்காவின் கிழக்குக் கரையில் நிறுத்தி, அங்கிருந்தே சுட வைத்தார்கள்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் ஸ்டாலினின் 227-ஆம் ஆணையை எடுத்து வீசினார். ஓர் அடியும் பின்வாங்காதே என்ற அந்த ஆணை இருந்தது. பின்வாங்குவோரைத் தடுக்கத் தடுப்புப் பிரிவுகளும் இருந்தன. கொடுமைதான், நான் பூசி மெழுகப்போவதில்லை. ஆனால் அச்சம் ஒருவனைக் குழியில் உட்கார வைக்கும். நள்ளிரவில் அடுத்த வீட்டின் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே பாய வைக்குமா?

அக்டோபர் 14-க்கு வருவோம். அன்று டிராக்டர் ஆலை மீது விழுந்த தாக்குதல் ஷொலுதேவின் 37-ஆவது காவலர் டிவிஷனைக் கிட்டத்தட்ட அழித்தேவிட்டது. ஆலையைப் பிடித்து, ஜெர்மானியர் வோல்காவைத் தொட்டார்கள். நவம்பர் நடுவில் 62-ஆவது சேனை மூன்று துண்டு. வடக்கே ஸ்பார்டனோவ்காவில் ஒன்று. பாரிக்காடி பீரங்கி ஆலைக்குப் பின்னால், ஆற்றுக்கும் எதிரிக்கும் நடுவே லுத்னிகோவின் 138-ஆவது டிவிஷன் தனித்தீவாக. மிச்சம் தெற்கே. ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்து வந்ததால் படகுப் போக்குவரத்தே திணறியது. நகரம் கைக்கு வந்துவிட்டது, சின்னச் சின்ன இடங்கள்தான் பாக்கி என்று நவம்பர் 8-இல் ம்யூனிக்கில் ஹிட்லர் பெருமை பேசினார். அந்தச் சின்ன இடங்கள் கடைசிவரை விழவில்லை!

நகருக்கு வடக்கே கோட்லுபான் பகுதியில் வேறு சோவியத் சேனைகள் திரும்பத் திரும்ப மோதி, பெரும் இழப்போடு ஜெர்மானியப் படைகளைப் பிடித்து வைத்ததை நான் மறுக்கவில்லை. அதுவும் யுரேனஸ் அல்ல என்பதை மட்டும் நடுவர் குறித்துக்கொள்ளட்டும்.

சுய்கோவின் சேனை வெறும் தூண்டில் புழு என்றார்கள். சரி, புழுவே ஆகட்டும். மீனை மாதக்கணக்கில் தூண்டிலோடு பிடித்து வைத்திருந்த புழுவை யாராவது பார்த்ததுண்டா? ஆலை ஆலையாக, மாடி மாடியாக ஜெர்மன் டிவிஷன்களை இந்த நகரம் விழுங்கியது. அதனால்தான் ஜெர்மானியர் தங்கள் இருபுறமும் நீண்ட பக்கவாட்டுகளைக் கூட்டாளிகளான ரொமேனியச் சேனைகளிடம் விட வேண்டியதாயிற்று. கனமான டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் அவர்களிடம் மிகக் குறைவு. யுரேனஸ் உடைத்தது அந்தப் பக்கவாட்டுகளைத்தான்.

ஆகவே எதிரணிக்கு என் கேள்வி இது. அக்டோபர் 14 இரவோடு 62-ஆவது சேனை கரைந்துபோயிருந்தால், பவுலஸ் தன் டாங்கி டிவிஷன்களை நகரிலிருந்து இழுத்து, குளிர்காலத்துக்கு முன் ரொமேனியருக்குப் பின்னால் நிறுத்தியிருப்பாரா, மாட்டாரா? நிறுத்தியிருந்தால் கலாச்சில் வளையம் நான்கைந்து நாளில் மூடியிருக்குமா? அடுத்துப் பேச எழும் நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.