மீன் கவிச்சியும் 8,200 மீட்டர் ஆழமும்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குச் சமையலறையில் நின்று பேசுகிறேன். தட்டில் சங்கரா மீன். நேற்றே வாங்கியது, அதனால் கவிச்சி சற்றுத் தூக்கலாக இருக்கிறது. கடலில் மீன்கள் எவ்வளவு ஆழம் வரை வாழலாம் என்று எல்லை போடுவதே இந்தக் கவிச்சிக்குக் காரணமான பொருள்தான் என்றால் நம்புவீர்களா?

கடல்மீனின் உடலில் டிஎம்ஏஓ என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போது கிளம்புவதே இந்த வாடை. புளித்தண்ணீரில் அலசினால் வாடை அடங்குவது, அதிலுள்ள அமிலம், சிதைவில் உண்டான அந்த வாடைப் பொருளை ஆவியாக விடாமல் கட்டிப்போடுவதால்.

உயிருள்ள மீனுக்கு அதுதான் காவல். 8,000 மீட்டர் ஆழத்தில் விரல் நகம் அளவு இடத்தின் மீது 800 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் புரதங்கள் உருக்குலையாமல் காப்பது டிஎம்ஏஓ. ஆழம் கூடக்கூட மீனின் உடலில் அதன் அளவும் கூடுகிறது.

ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலான மீன்களின் இரத்தத்தில் கடல்நீரைவிட உப்பு குறைவு. டிஎம்ஏஓ சேரச் சேர உடல்நீரின் செறிவு ஏறி, ஓர் ஆழத்தில் கடல்நீருக்குச் சமமாகிவிடும். அதற்கும் கீழே போனால் கடல்நீர் உடலுக்குள் புகத் தொடங்கும். பால் யான்சி என்ற உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் 2014-இல் அந்த ஆழத்தைக் கணக்கிட்டுச் சொன்னார்கள்: சுமார் 8,200 மீட்டர்.

2022-இல் ஜப்பானுக்குத் தெற்கே, இசு-ஒகசவாரா அகழி என்ற கடலடிப் பள்ளத்தில், ஆழ்கடல் ஆய்வாளர் ஆலன் ஜேமிசனின் குழு இரை கட்டி இறக்கிய கேமராவில் ஒரு நத்தை மீன் பதிவானது. ஆழம் 8,336 மீட்டர். கணக்குக்கும் கேமராவுக்கும் நூற்றுச் சொச்சம் மீட்டர்தான் வித்தியாசம்! அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆழ்கடல் என்றதும் கோரைப்பல் பூதங்களைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. மரியானா அகழியின் நத்தை மீனைப் பாருங்கள்: சுமார் ஒரு சாண் நீளம், செதில் கிடையாது, வெளிறிய இளஞ்சிவப்புத் தோல் வழியே ஈரல் தெரிகிறது. மண்டையோடுகூட முழுதாக மூடவில்லை.

1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் ஆழ்கடல் கலம் ஒன்றில் மரியானா அகழியின் அடித்தளத்தில், கிட்டத்தட்ட 11,000 மீட்டரில் இறங்கினார்கள். அங்கே ஒரு தட்டை மீனைக் கண்டதாக பிக்கார்ட் சொன்னார். அவர் கண்டது கடல் அட்டையாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்; நானும் அந்தப் பக்கம்தான். கடல் அட்டை, இறால் போன்ற ஆம்பிபாட் இவற்றின் உடல்நீர் எப்போதுமே கடல்நீரின் செறிவில் இருப்பது. மீனுக்கான தடை அவற்றுக்கு இல்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. 8,336 மீட்டரில் நீந்திய அந்த மீன் ஒரு குஞ்சு. மற்ற பல ஆழ்கடல் மீன்களில் பெரியவைதான் கீழே இருக்கும். நத்தை மீனில் சிறிசுகள் கீழே போகின்றன. அதற்கும் கீழே அவற்றைத் தின்ன வேறு மீன் எதுவும் இல்லை.