மூளைக் கட்டி "எந்தப் பக்கமாம்?"

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் நின்று பேசுகிறேன். பஸ் ஹோர்ன் காதைப் பிளக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

யாருக்காவது மூளையில் கட்டி என்றால் எங்கட ஆக்கள் முதலில் கேட்பது "எந்தப் பக்கமாம்?" என்றுதான். முன்பக்கம் என்றால் கொஞ்சம் தெம்பு வரும். நடுவில் என்றால் முகம் இருண்டுவிடும். அந்தக் கேள்வியில் பிழையில்லை, ஆனால் அது பாதிக் கேள்விதான். மற்றப் பாதி, கட்டியின் மரபணுவில் என்ன மாறியிருக்கிறது என்பது.

கிளையோமாவை எடுங்கோ. நரம்புச் செல்களைத் தாங்கி நிற்கும் கிளையல் செல்களின் வகையைச் சேர்ந்த கட்டி அது. ஐடிஎச் என்ற மரபணு மாறியிருக்கும் கிளையோமாக்கள் முன்மடலில், அதாவது மூளையின் முன்பக்கத்தில்தான் அதிகம் வருகின்றன. அதோடு 1பி, 19கியூ என்ற இரண்டு குரோமோசோம் துண்டுகளும் சேர்ந்து தொலைந்திருந்தால் அது ஒலிகோடென்ட்ரோகிளையோமா என்ற வகை. சிகிச்சையோடு பத்து வருசத்துக்கு மேல் வாழ்கிறவர்கள் நிறையப் பேர். முன்பக்கக் கட்டியைச் சத்திரசிகிச்சையில் கூடுதலாக வெட்டி எடுக்கவும் முடிகிறது. ஆகவே இடம் நல்லதென்று நாங்கள் நினைக்கிற அதிர்ஷ்டத்தில் ஒரு பெரிய பங்கு மரபணுவுக்குச் சொந்தம். அதே முன்மடலில் ஐடிஎச் மாறாத, வேகமாக வளரும் கிளையோபிளாஸ்டோமா என்ற வகை வந்தால் கதையே வேறு. கிளையோபிளாஸ்டோமா நோயாளிகள் பற்றி 2005இல் வெளியான பெரிய ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலமைட் மருந்தும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 14.6 மாதம்தான், அதாவது பாதிப் பேர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள்.

நடுக்கோட்டுக்கு வருவம். மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ், மூளைத்தண்டின் நடுப்பகுதியான பொன்ஸ், முள்ளந்தண்டு வடம். இங்கே, முக்கியமாகப் பிள்ளைகளில், எச்3 கே27எம் என்ற மரபணு மாற்றம் வருகிறது. நுணுக்குக்காட்டியில் செல்கள் சாதுவாகத் தெரிந்தாலும் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது 4ஆம் தரம், அதாவது மிக மோசமான தரம். பொன்ஸுக்குள் கத்தி வைக்கவும் இடமில்லை. இங்கே இடமும் கொடுமை, மரபணுவும் கொடுமை.

"அப்ப நடுவில் வந்தால் முடிஞ்சுதோ?" என்று கேட்காதேங்கோ. பிள்ளைகளுக்குச் சிறுமூளைப் பக்கத்தில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டியில் டபிள்யூஎன்டி என்றொரு வகை இருக்கிறது. நடுவில், மூளைத்தண்டோடு ஒட்டித்தான் வளரும். ஸ்கேனைப் பார்த்தால் நெஞ்சு பதறும். ஆனால் சிகிச்சை பெறும் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தப்பிவிடுகிறார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விதிவிலக்கு இதுதான்.

சரி, கட்டியில் எடுத்த துண்டைப் பரிசோதித்த றிப்போர்ட் கையில் இருந்தால் என்ன பார்ப்பது? பெரியவர்களின் கிளையோமா என்றால் ஐடிஎச் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கோ. வழக்கமாக முதலில் செய்வது ஆர்132எச் சாயம், அதாவது ஐடிஎச்சில் அதிகம் வரும் ஒரு மாற்றத்தைக் காட்டும் சாயப் பரிசோதனை. அது ஐடிஎச் மாற்றங்களில் பெரும்பான்மையைப் பிடிக்கும், எல்லாவற்றையும் அல்ல. ஆகவே 55 வயதுக்குக் குறைந்த ஒருவருக்குச் சாயம் 'நெகட்டிவ்' என்று வந்தால், மரபணுவை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டுமா என்று டொக்டரிடம் கேட்கலாம். வெட்டி எடுத்த துண்டை மெழுகில் பதித்துத்தான் வைத்திருப்பார்கள். வேறு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டி வந்தால் அந்த மெழுகுத் துண்டுதான் தேவைப்படும்.