மாமியார் தேடிய பூ

மதிப்பிற்குரிய டத்தோ அவர்களே, வேலை நாளென்றும் பாராமல் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, நாற்காலி போதாமல் நிற்கும் தம்பிகளே, தாய்மார்களே, வணக்கம். டத்தோ அவர்கள் வாங்கித் தந்த இரண்டு தையல் இயந்திரங்களும் நன்றாக ஓடுகின்றன. அதற்கு முதல் நன்றி.

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்றார்கள். கந்தையானாலும் நிறம் பார்த்துக் கட்டு என்பேன் நான். நிறங்களை வளையமாக அடுக்கிக் காட்டும் நிற வட்டம், ஒரு நிறம் எவ்வளவு கருமை எவ்வளவு வெளிர் என்னும் அடர்த்தி, பக்கத்து நிறம் செய்யும் மாயம் என்று மூன்றைச் சொல்ல வந்தேன்.

வட்டத்தில் சிவப்புக்கு எதிரே பச்சை. எதிரெதிர் நிறங்கள் ஒன்றையொன்று எடுப்பாகக் காட்டும் என்பார்கள். அதை நம்பி, மகள் பிள்ளைக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைத்தேன். லிட்டில் இந்தியா தையல்காரர் கொடுத்த ரவிக்கைத் துண்டுகள். பச்சைத் தரையில் சிவப்புப் பூ. இரண்டு மாத உழைப்பு! கொடியில் விரித்துவிட்டு மாமியாரைக் கூப்பிட்டேன். வாசற்படியில் நின்று பார்த்தவர், “பூ எங்கேம்மா?” என்றார். கிட்டப் போனால் கண் கூசியது. எட்ட நின்றால் பூ இல்லை. பேரன் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமெடுத்துக் காட்டினான். பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல்! நிறம் வேறு, அடர்த்தி ஒன்று. அன்றிரவே இதழ்களைப் பிரித்து, வீட்டுக்காரரின் பழைய வேட்டியில் ஓரம் கொடுத்தேன். காலையில் மாமியார், “செம்பருத்தியா?” என்றார்.

பாரிஸ் கோபெலின் நெசவுக்கூடத்திலும் ஒரு முறையீடு எழுந்தது: கறுப்பு நூலின் நிறத்தில் அழுத்தமில்லை என்று. சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ரோல் மற்ற ஆலைகளின் கறுப்பையும் வாங்கி ஒப்பிட்டார். சாயத்தில் குறையில்லை, பக்கத்திலிருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கக் காட்டின. 1839இல் அதைப் புத்தகமாகவே வெளியிட்டார். ஆரஞ்சுத் துணிமேல் சாம்பல் துண்டை வைத்துப் பாருங்கள், லேசாக நீலம் பாயும்.

இதைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் படிக்க வேண்டாமா? நம் தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு துணி அலமாரி வேண்டும், டத்தோ. வண்ணப் பெட்டிக்கு வெள்ளி செலவாகும். வெட்டுத்துணியோ தையல்கடைக் குப்பையில் கிடக்கிறது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு! கசக்கி, தேய்த்து, அடர்த்தி வாரியாக அடுக்கித் தர எங்கள் தாய்மார்கள் தயார். தலைமையாசிரியை அவர்கள் சனிக்கிழமையில் ஒரு வகுப்பறை திறந்துவிட்டால் போதும்.

வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். தீபாவளிக்குத் தைத்த மிச்சம் வீட்டில் இருந்தால், உள்ளங்கை அகலமானாலும், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். வெளிர் நிறங்கள்தான் எங்களுக்குப் போதவில்லை.