விளக்குத்தூண் முதல் அரிட்டாபட்டி வரை

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தெற்குமாசி வீதிப் பக்கம் துணி எடுக்கப் போகிறவர்கள் வாயில் ‘விளக்குத்தூண்’ என்ற சொல் அடிக்கடி வரும். அந்தத் தூண் யாருக்காக நடப்பட்டது என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். 1840களில் மதுரைக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக வைத்தது அது. அவர் செய்த பெரிய காரியம், நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலை இடித்தது! மதிலை உடைத்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த இடத்தில் வந்தவைதான் நம் வெளி வீதிகள். அளவெடுத்தவர்களின் பெயர் மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் ஒட்டிக்கொண்டது. நெரிசலில் மூச்சுத் திணறிய ஊருக்குக் காற்று வந்தது என்று அன்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மதில் போய்விட்டது, அதை இடித்தவர் பெயர் சொல்லும் தூணை இன்று பழமைச் சின்னம் என்கிறோம்.

அடுத்த தலைமுறையிலேயே காற்று திசை மாறியது. தூணிலிருந்து நடந்து போகிற தூரத்தில் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. 1636இல் கட்டிய அரண்மனை. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இதன் பகுதிகளைப் பிரித்துக் கொண்டுபோனார். மிச்சம் கால்பங்குதான் என்பார்கள். அதுவும் கூரை சரிந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைச் சீர்படுத்தச் செய்தார். கட்டடக்கலைஞர் சிஷோம் அந்த வேலையைப் பார்த்தார். பழமையின் மேல் இருந்த காதல் ஒருபக்கம். நீதிமன்றங்களுக்கு இடம் தேவைப்பட்டது இன்னொரு பக்கம். ஆள் புழங்காத கட்டடத்துக்கு எந்தக் காலத்திலும் ஆயுள் குறைவு. வழக்காட வந்தவர்களின் கால்தூசி மகாலின் பெரிய மண்டபமான சொர்க்கவிலாசத்தைக் காப்பாற்றியது என்றே நான் நினைக்கிறேன்.

சட்டம் பிறகுதான் வந்தது. கர்சன் வைஸ்ராயாக இருந்தபோது, 1904இல், பழங்காலச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம். விடுதலைக்குப் பின் 1958இல் மத்திய அரசின் சட்டம். 1966இல் தமிழ்நாட்டுக்கென்று ஒன்று. மத்திய அரசின் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்பது 2010 திருத்தம்.

இங்கேதான் எனக்கு ஒரு குறை உண்டு. இந்தச் சட்டங்களின் பார்வை கட்டடத்தின் மேலும் கல்வெட்டின் மேலும் இருந்தது. அதைத் தாங்கி நிற்கும் மலையின் மேல் அவ்வளவாக இல்லை. மதுரையைச் சுற்றியுள்ள சமண மலைகளைப் பாருங்கள். மாங்குளத்துத் தமிழி எழுத்துகளை, அதாவது பழந்தமிழை எழுதிய பிராமி வகை எழுத்துகளை, 1882இல் ராபர்ட் சீவெல் கண்டார். அவை தமிழ்தான் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் படித்துக் காட்ட 1924 ஆயிற்று. எழுத்துக்குக் காவல் கிடைத்தது. ஆனால் மேலூர் வட்டாரத்தில் அக்கம்பக்கத்துக் குன்றுகளைக் கிரானைட்டுக்காக அறுத்தெடுத்த காட்சியைப் பஸ்ஸில் போகும்போதே பார்த்திருப்பீர்கள்.

அதே மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியின் கதை அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏழு குன்றுகள், சுமார் 200 ஊற்றுகள், 72 ஏரிகள், 250 அளவில் பறவை இனங்கள். அவற்றில் லகுடு வல்லூறும் உண்டு. இவற்றோடு பாண்டியர் காலக் குடைவரை, சமணர் படுக்கைகள், தமிழி எழுத்துகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைத் தமிழக அரசு உயிரியல் பல்வகைமைப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது; மாநிலத்தில் முதல் தலம். தொல்லியல் சட்டம் தொடாத மலையைப் பறவைக்கும் தண்ணீருக்குமான 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம் தொட்டது. கல்வெட்டு வல்லூறின் தயவில் ஒரு குடை கீழே வந்து நின்றது, போங்கள்.

அந்தக் குடையும் ஆட்டம் கண்டது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போன 2,015 ஹெக்டேரில் இந்தத் தலமும் அடங்கியிருந்தது. 2025 ஜனவரி 7ஆம் தேதி சுரங்கத்தை எதிர்த்து நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி விவசாயிகள் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த நாட்களில் அந்தப் பக்கம் போனேன். டீக்கடையில் ஒரு பெரியவரிடம், “ஐயா, கல்வெட்டு எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். “அதெல்லாம் மேலே இருக்கிறது தம்பி, முதலில் கண்மாயைப் பார்த்துவிட்டுப் போங்கள்” என்றார். பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். பாறை நெற்றியில், நெல்வேலியைச் சேர்ந்த ஒருவன் இந்த ‘முழாகை’யைக் கொடுத்தான் என்று வெட்டியிருக்கிறது. முழாகை என்றால் குகை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் யாரோ துறவிகளுக்குப் படுக்க இடம் கொடுத்த ரசீது. அங்கே நின்று திரும்பினால் பெரியவர் சொன்ன கண்மாய் கீழே பளபளக்கிறது.

வணக்கம்.