9 வோல்ட் பெடலுக்கு 18 வோல்ட்

வணக்கம். கிடார் வாசிக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: கிடாரின் ஒலியை மாற்றக் காலடியில் வைக்கும் பெட்டியான பெடல் 9 வோல்ட்டுக்கானது என்றால், அதற்கு 18 வோல்ட் கொடுத்தால் டோன் நன்றாக இருக்குமா? சில பெடல்களில் இருக்கும். சிலவற்றில் ஒரு வித்தியாசமும் தெரியாது. சில பெடல்கள் அந்த நொடியிலேயே செத்துப்போகும்.

பெடலுக்குள் இருக்கும் ஆப்-ஆம்ப் சிப், தனக்குக் கிடைக்கும் வோல்டேஜுக்குள்தான் கிடாரின் அலையைப் பெரிதாக்க முடியும். 4558 என்ற பழைய சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 9 வோல்ட்டில் அலை மேலும் கீழுமாக ஆட ஆறேழு வோல்ட் இடம்தான் உண்டு. அதைத் தாண்டினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். 18 கொடுத்தால் சுமார் 15 வோல்ட் இடம் கிடைக்கும். இதைத்தான் ஹெட்ரூம் என்கிறோம். ஒலியைக் கெடுக்காமல் கூட்டும் கிளீன் பூஸ்டர், பேஸ் கிடாருக்கான ப்ரீஆம்ப் போன்றவற்றில் இது நன்றாகவே கேட்கும். பேஸில் கட்டைவிரலால் ஸ்லாப் அடிக்கும்போது, முதல் அடி நசுங்காமல் முழுசாக வரும்.

ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல் கதை வேறு. பலவற்றில் அலையை வெட்டுவது டயோடு என்ற சின்னப் பாகம். சாதாரண சிலிக்கான் டயோடு 0.6 வோல்ட் அளவிலேயே வெட்டிவிடும். மேலே எவ்வளவு இடம் இருந்தாலும் அலை அங்கே போகாது. அதனால் 'அடடா, என்ன ஒரு மாற்றம்' என்று சொல்வதில் பாதி, நம் ஆசை சொல்வது.

சரி, ஆபத்து எங்கே? சில பெடல்கள் 9 வோல்ட்டை வாங்கி உள்ளேயே பெருக்கிக்கொள்ளும். புகழ்பெற்ற க்ளான் சென்டார் ஓவர்டிரைவ் பெடல் அப்படிப்பட்டதுதான். அந்த வேலையைச் செய்யும் மேக்ஸ் 1044 சிப் சுமார் 10 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஒலியைப் பலர் சேர்ந்து வாசிப்பது போலாக்கும் கோரஸ், எதிரொலி தரும் டிலே பெடல்கள் சிலவற்றில் வரும் எம்என் 3207 சிப்பும் அவ்வளவுதான் தாங்கும். டிஜிட்டல் பெடலில், வரும் வோல்டேஜை 5-க்கு இறக்கி மிச்சத்தைச் சூடாக்கும் ரெகுலேட்டர் இருந்தால், முன்பு 4 வோல்ட்டைச் சூடாகக் கழித்தது இப்போது 13 வோல்ட்டைக் கழிக்க வேண்டும். மூன்று மடங்குக்கு மேல் சூடு.

ஒருமுறை ரிகர்சலில், பூஸ்டருக்கான 18 வோல்ட் வயரைப் பக்கத்து கோரஸில் செருகிவிட்டேன். 'பட்' என்றது. அப்புறம் மீன் கருகினது போல ஒரு நாற்றம். மூடியைத் திறந்தால் ஒரு கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. அது தாங்கும் அளவு 16 வோல்ட் என்று அதன் உடம்பில் தெளிவாக அச்சடித்திருந்தது. நான் அதற்கு முன் ஒருநாளும் பார்த்ததில்லை. பல வருடம் என்னோடு இருந்த பெடல். இப்போதும் மனசு ஆறவில்லை.

அடாப்டரில் போட்டிருக்கும் மில்லியாம்ப் அதிகமாக இருந்தால் பயம் வேண்டாம், பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். வோல்ட் அப்படியில்லை. பெடலின் ஜாக் பக்கத்திலோ மேனுவலிலோ '9 முதல் 18 வரை' என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தால் மட்டும் கொடுங்கள்.

இப்போது என் 18 வோல்ட் வயரின் முனையில் தடிமனாகச் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். மேடை இருட்டில் விரல் பட்டாலே தெரிந்துவிடும்.