அடிபம்பும் ஹெலிகாப்டரும்

(சேலத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, நேரத்துக்கு வந்து காத்திருக்கும் நண்பர்களே, பின்வரிசையை நிரப்பியிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, வணக்கம்.

வெளிநாட்டு உதவி எப்படி நடக்கிறது என்று பேசச் சொன்னார்கள். நாற்பது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். உலக வங்கியில் தொடங்கி ஐ.நா. சபை வரைக்கும் போனால் நாற்பது நாளும் போதாது. அதனால் ஓமலூர் பக்கம் போனாலும், ஏற்காட்டு அடிவாரம் போனாலும் தெருமுனையில் நிற்கிறதே அடிபம்பு, அதிலிருந்து தொடங்குகிறேன்.

1966, 67-இல் பீகாரில் கடும் பஞ்சம். அப்போது ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யுனிசெஃப், பாறையைத் துளைக்கிற ரிக் வண்டிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அழுத்தக் காற்றால் இயங்கும் சுத்தியல் துளைக்குள்ளேயே இறங்கி அடிக்கும். வெடி வைத்து, கூடை கூடையாகக் கல் சுமந்து, மாதக்கணக்கில் கிணறு தோண்டிய ஊர்களுக்கு அந்த வேகம் பெரிய அதிசயம். சேலம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நமக்குக் கீழே இருப்பதெல்லாம் பாறைதானே.

துளை போட்டாகிவிட்டது. மேலே பம்பு வைக்க வேண்டும். வைத்தார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்ணை வீட்டுக் கொல்லையில் இருக்கிற வார்ப்பிரும்புப் பம்பைப் பார்த்து வார்த்தது. அங்கே ஒரு குடும்பம் காலையில் நான்கு அடி, மாலையில் நான்கு அடி அடிக்கும். இங்கே விடியலில் பிடித்தால் இரவு வரைக்கும் ஊரே வரிசையில் நின்று அடிக்கும். எழுபதுகளின் நடுவில் கணக்கெடுத்தபோது, போட்ட பம்புகளில் நான்கில் மூன்று வேலை செய்யவில்லை. துளை இருக்கிறது, அடியில் தண்ணீர் இருக்கிறது, மேலே உடைந்த இரும்பு நிற்கிறது. 'எத்தனை கிணறு போட்டோம்' என்று அறிக்கை எழுதுகிறவருக்கு அது வெற்றிதான். குடம் வைத்துக்கொண்டு நிற்கிற அம்மாவுக்கு?

இந்த இடத்தில்தான் ஒரு நல்ல காரியம் நடந்தது. புதுப் பம்பை வெளிநாட்டிலிருந்து இறக்கவில்லை. மகாராஷ்டிராவில் ஜால்னா, சோலாப்பூர் பக்கம் கிறிஸ்தவ மிஷன்காரர்கள் தங்கள் பட்டறைகளில் எஃகில் பம்பு செய்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யுனிசெஃப் அதைக் கையில் எடுத்தது. சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் கம்பெனி அதைத் திருத்தித் திருத்திச் செய்தது. கோவை மாவட்டத்துக் கிராமங்களில் நிறுத்தி, ஊர் மக்களை அடிக்கவிட்டுச் சோதித்தார்கள். சாதாரணப் பட்டறையில் செய்ய முடிய வேண்டும், பெண்களும் பிள்ளைகளும் சிரமமில்லாமல் அடிக்க வேண்டும், ஒரு வருஷமாவது பழுதில்லாமல் ஓட வேண்டும்: இவைதான் நிபந்தனைகள். 'இந்தியா மார்க் 2' பிறந்தது. 1979-இல் அதற்கு ஐ.எஸ். 9301 என்ற தர எண்ணும் வந்தது. யாரும் காப்புரிமை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். இன்றைக்கு ஆப்பிரிக்காவில் நாடு நாடாக நிற்பது அந்தப் பம்புதான்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தவன் என்பதால் அதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஏற்காட்டு மலையில் ஒரு கிராமத்தில் பம்பு தண்ணீர் எடுக்கவில்லை என்று புகார் வரும். வேன் போகும். தலைப்பெட்டியைத் திறந்து, செயினைக் கழற்றி, கைப்பிடியை எடுப்பார்கள். அப்புறம் குழாயில் கிளாம்ப் போட்டுப் பிடித்து, பத்தடி ஜி.ஐ. பைப்பை ஒவ்வொன்றாகத் தூக்கி, ரெஞ்சு போட்டுத் திருகிக் கழற்ற வேண்டும். உள்ளே தண்ணீரோடு இருக்கிற பைப். தூக்குகிறவன் தோள் பிய்ந்துவிடும். கடைசியில் சிலிண்டர் மேலே வரும். அதைத் திறந்தால் உள்ளே தோல் வாசர் வெற்றிலை மாதிரி மெலிந்து கிடக்கும். அவ்வளவுதான் பழுது. சில ரூபாய் வாசர். அதை மாற்ற ஒரு வண்டி, டிரைவர், நாலு ஆள், ஒரு பகல். அதுவரைக்கும் ஊர்ப் பெண்கள் சுனைக்கு நடந்தாக வேண்டும்.

இதைப் பார்த்துத்தான் எண்பதுகளில் மறுபடியும் கோவைப் பக்கமே சோதனை வைத்து, அகலமான பைப் போட்டு, பைப்பைக் கழற்றாமல் உள்ளே இருக்கிற பிஸ்டனை மட்டும் மேலே இழுக்கிற மாதிரி 'மார்க் 3' செய்தார்கள். ஊரிலேயே பழக்கப்பட்ட ஓர் ஆள், கூட ஒருவரை வைத்துக்கொண்டு வாசரை மாற்றிவிடலாம். கிராமத்தில் ஒரு காப்பாளர், ஒன்றியத்தில் ஒரு பிட்டர், மாவட்டத்தில் ஒரு வண்டி என்ற மூன்றடுக்குப் பராமரிப்புக்கும் தமிழ்நாடுதான் முன்னோடி. தொழில்நுட்ப ஒத்துழைப்பு என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். வெள்ளைக்காரர் வந்து வகுப்பெடுத்ததைக் காட்ட மாட்டேன்.

அப்புறம் அந்த ரிக் தொழிலைப் பாருங்கள். பழைய சேலம் மாவட்டத்துத் திருச்செங்கோடுதான் இன்றைக்கு இந்தியா முழுவதற்கும் போர்வெல் போடுகிறது. ராஜஸ்தானில் கேட்டாலும் டி.என். நம்பர் வண்டிதான் நிற்கும். அதை யுனிசெஃப் செய்தது என்று நான் சொல்லவரவில்லை. அது நம்மாட்கள் கடன் வாங்கி, லாரி வாங்கி, ராப்பகலாய் உழைத்துச் செய்தது. உதவியாக உள்ளே வந்த அதே வகைத் தொழில்நுட்பத்தை உள்ளூர்க்காரன் கையில் எடுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சொல்கிறேன்.

இனி பணத்துக்கு வருவோம். இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், கணக்குப் பாடம் மாதிரி ஆகிவிடும். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்று 1970-இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்சம்பர்க் மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய நாடுகள்தான் அதைத் தொடர்ந்து காப்பாற்றியவை. உதவிக் கணக்கில் என்னென்ன சேரும் தெரியுமா? இனாம் சேரும். சலுகை வட்டிக் கடனும் சேரும். அவர்கள் அனுப்புகிற நிபுணரின் சம்பளம், விமானச் சீட்டு, ஓட்டல் வாடகை சேரும். அகதிகளைத் தங்கள் நாட்டிலேயே முதல் பன்னிரண்டு மாதம் வைத்துப் பராமரிக்கிற செலவும் சேரும். நம் பிள்ளைகள் ஜெர்மனிக்குப் போய்ப் பீஸ் இல்லாமல் படிக்கிறார்களே, அந்தச் செலவில் ஒரு பகுதியையும் ஜெர்மனி உதவிக் கணக்கில் எழுதுகிறது. பின்வரிசைப் பிள்ளைகள் கவனிக்க, நீங்கள் மியூனிக்கில் எம்.எஸ். படித்தால் இந்தியாவுக்கு உதவி வந்ததாகக் கணக்கு.

அதனால் இத்தனை கோடி டாலர் உதவி என்று பேப்பரில் வந்தால் மலைத்துப்போகாதீர்கள். அந்தப் பணத்தை எங்கே செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா, அதைக் கேளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் பிரிட்டன் நமக்கு 6.5 கோடி பவுண்டு உதவி தந்தது. எதற்கு? வெஸ்ட்லாண்ட் என்ற அவர்கள் நாட்டுக் கம்பெனியிடமிருந்து 21 ஹெலிகாப்டர் வாங்குவதற்கு. அந்தக் கம்பெனி அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. நம் அதிகாரிகளுக்கு அந்த மாடலில் விருப்பமே இல்லை. வேண்டாமென்றால் அந்த உதவியும் கிடைக்காது என்ற நிலை. வாங்கினோம். இரண்டு விழுந்து ஆட்களும் செத்தார்கள். 1991-இல் எல்லாவற்றையும் தரையிறக்கி நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச காலம் கழித்து மிச்சமிருந்தவற்றைச் சுமார் 9 லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். பிரிட்டன் வரிப்பணம் பிரிட்டன் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது. நமக்கு மிஞ்சியது ஷெட்டில் நின்ற தகரம்.

உடனே இப்படிக் கொடுக்கிறவர் நாட்டுச் சரக்கையே வாங்கச் சொல்கிற 'கட்டுப்பட்ட உதவி' எல்லாமே மோசம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நீலகிரியில் குந்தா மின்திட்டத்துக்குக் காமன்வெல்த் நாடுகள் தொடங்கிய கொழும்புத் திட்டம் என்ற உதவி ஏற்பாட்டின் கீழ் கனடா கைகொடுத்தது. நெய்வேலி அனல்மின் நிலையத்துக்கு சோவியத் கருவிகள் வந்தன. சென்னை ஐ.ஐ.டி.யை ஜெர்மனி எடுத்து நிறுத்தியது. எல்லாம் அந்தந்த நாட்டுச் சரக்கோடுதான் வந்தன. ஆனால் கேட்டது நாம். என்ன வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருந்தது, ஓட்டுவதற்கு எஞ்சினியர்களை நாமே தயார் செய்தோம். ஹெலிகாப்டரை நாம் கேட்கவில்லை.

பக்கத்து தர்மபுரிக்கு வாருங்கள். அங்கே போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் பழுப்பு ஏறும், இன்னும் அதிகமானால் எலும்பு வளையும். பாறையில் இருக்கிற தாதுதான் காரணம். சற்றுமுன் ரிக் வண்டியைப் புகழ்ந்தேனே, அதே ரிக் வண்டி ஆழமாகத் துளைத்து எடுத்த தண்ணீரில்தான் பல ஊர்களில் இந்தத் தொல்லையும் வந்தது. இதையும் சேர்த்தே சொன்னால்தான் கணக்கு நேர்.

தீர்வாக வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். காவிரி நீரைச் சுத்திகரித்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுபோவது. மதிப்பு 1,928 கோடி ரூபாய் சொச்சம். பெரும்பகுதி ஜப்பான் கடன். 2008-இல் ஒப்பந்தம், 2013-இல் தொடக்கவிழா. 'ஜப்பான் கொடுத்த தண்ணீர்' என்று சொல்வார்கள். கொடுக்கவில்லை ஐயா, கடனாகத் தந்தது. வழக்கமான ஜப்பான் கடனில் முதல் சில வருஷம் அசலைக் கேட்க மாட்டார்கள், வட்டி குறைவு, தவணை நீளம். நல்ல கடன்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்ட வேண்டியது யென்னில். ஒப்பந்தம் போட்ட காலத்தில் 100 யென்னுக்குச் சுமார் 40 ரூபாய். 2012-இல் அது 65 ரூபாயைத் தாண்டியது. 2005-க்குப் பிறகு மாநிலங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கடனை மத்திய அரசு அதே நிபந்தனையில் அப்படியே மாற்றிவிடுகிறது. நாணய மதிப்பு ஏறி இறங்குகிற பாரம் மாநிலத்தின் தலையில். டோக்கியோவில் யென் ஏறினால் சென்னைக் கோட்டையில் நிதிச் செயலாளருக்குத் தூக்கம் கெடும்.

இன்னொன்று. கடன் கையெழுத்தானவுடன் பணம் மூட்டையாக வந்து இறங்காது. பெரும்பாலும் முதலில் நாம் நம் பணத்தில் வேலை செய்து, பில் கொடுத்து, அதைத் தணிக்கை செய்து, டெல்லியில் உதவிக் கணக்குக் கட்டுப்பாட்டு அலுவலகம் வழியாகக் கேட்டு வாங்க வேண்டும். நிலம் எடுப்பு தாமதமானால், டெண்டர் வழக்கில் மாட்டினால், கடன் தாளில் தூங்கும். திட்டம் தாமதம் என்றதும் வெளிநாட்டுக்காரனைத் திட்டுகிறோம். பாதி நேரம் கோப்பு நம் ஊர் மேஜையில்தான் இருக்கும்.

நம் சேலத்தில் டென்மார்க் வேலை செய்தது உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1980-களின் தொடக்கத்தில் டென்மார்க் அரசின் உதவி அமைப்பான டேனிடா சுகாதாரத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் இரண்டு: சேலமும் தென்னாற்காடும். துணை சுகாதார நிலையங்கள் கட்டினார்கள், ஊழியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். 1998-இல் நாம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தோம். டென்மார்க் கோபித்துக்கொண்டு உதவியைக் குறைக்கத் தொடங்கியது. 2003-இல் நம் அரசே, ஆறு தரப்பிடம் மட்டும்தான் இனி நேரடி உதவி வாங்குவோம், மற்றவர்கள் கடனை முன்கூட்டியே அடைத்துவிடுகிறோம் என்று அறிவித்தது. அந்தப் பட்டியலில் டென்மார்க் இல்லை. ஆனால் துணை சுகாதார நிலையம் இருக்கிறது. கிராமச் செவிலியருக்குச் சம்பளம் தமிழ்நாடு அரசு தருகிறது. கர்ப்பிணிகளுக்கு ஊசி போடுகிற வேலை நிற்கவில்லை. 2025-இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டை மூடியபோது பல ஆப்பிரிக்க நாடுகளில் நிலைமை அப்படி இல்லை. அங்கே எச்.ஐ.வி. மருந்துக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருந்தார்கள். கிளினிக்குகளில் பூட்டு விழுந்தது.

இப்போது நாமும் கொடுக்கிற நாடு. 1964-லிருந்தே ஐடெக் என்ற பெயரில் வெளிநாட்டு அதிகாரிகளை அழைத்துப் பயிற்சி தருகிறோம். எக்ஸிம் வங்கி, அதாவது நம் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி வழியாகக் கடன் தருகிறோம். அந்தக் கடனில் பெரும்பகுதிச் சரக்கை இந்தியாவில்தான் வாங்க வேண்டும் என்று நாமும் நிபந்தனை போடுகிறோம். பிரிட்டனைத் திட்டும்போது இது ஓரத்தில் இருக்கட்டும்.

இலங்கையில் 1990 என்ற எண்ணைக் கூப்பிட்டால் 'சுவசெரிய' ஆம்புலன்ஸ் வரும். 2016-இல் இந்தியா இனாமாகத் தந்த வண்டிகளில் தொடங்கியது. நம் 108-ஐ நடத்திய நிறுவனமே அங்கேயும் தொடங்கி, ஆட்களைப் பழக்கியது. பிறகு இலங்கை அரசு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2022-இல் அந்த நாடு திவாலாகி, டீசலுக்கே வரிசையில் நின்றபோது ஆம்புலன்சுக்கு மருந்துப் பொருள் இல்லை. அந்த ஜூனில் நம் கப்பற்படை 3.3 டன் கொண்டுபோய்க் கொடுத்தது. அதற்கு முந்தின மாதம் தமிழ்நாடு அரசும் அரிசி, பால்மாவு, மருந்து அனுப்பியது. வண்டி கொடுத்த ஆறாவது வருஷமே பஞ்சும் ஊசியும் கேட்கும் நிலை ஏன் வந்தது, அதில் நம் திட்டத்தின் பங்கு எவ்வளவு, அவர்கள் கஜானாவின் பங்கு எவ்வளவு என்று டெல்லியில் யாராவது உட்கார்ந்து பார்த்தால் நன்றாயிருக்கும். இப்போது கேள்விகளுக்கு வருவோம். அந்தத் தம்பி ஆரம்பத்திலிருந்தே கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், அவர் முதலில் கேட்கட்டும்.